மூக்கு இறங்க இறங்க நேரான தொடுவானம்: ஸ்டார்ம்வொர்க்ஸ் விமானத் திரை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது இரட்டை எஞ்சின் பூட்டிய ஒரு கடல் மீட்பு விமானம். ஸ்டார்ம்வொர்க்ஸ்: பில்ட் அண்ட் ரெஸ்க்யூ விளையாட்டில் நண்பர் ஒருவர் கட்டியது. பகலில் சொன்ன பேச்சைக் கேட்கும். இரவில், மழைக்குள், காணாமல் போன படகைத் தேடி வட்டமடிக்கும்போது மட்டும் கடலில் போய் விழும். இறக்கையை மாற்றிப் பார்த்தார். எடையை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார். எஞ்சினைப் பெரிதாக்கினார், அதற்குப் பிறகு இன்னும் வேகமாக விழுந்தது. கோப்பை என்னிடம் கொடுத்தபோது அவர் சொன்ன ஒரு வரியில்தான் துப்பு இருந்தது: "மச்சி, திரையில சாய்வு குறைஞ்சுக்கிட்டே வருது, நானும் சரியாயிடுச்சுன்னு விட்டுடறேன். ஆனா உயரம் மட்டும் போயிக்கிட்டே இருக்கு."

பகலுக்கும் இரவுக்கும் விமானத்தில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு ஓட்டுபவரின் கண்ணில். பகலில் கண்ணாடிக்கு வெளியே கடல்கோடு தெரிகிறது, யாரும் திரையைப் பார்ப்பதில்லை. இரவில் திரை மட்டுமே இருக்கிறது. ஆகவே இறக்கையையும் எஞ்சினையும் தொடாமல், தொடுவானத்தை ஒரு கோடாக வரைந்து விமானத்தின் சாய்வைக் காட்டும் அந்தத் திரைக்கே நேராகப் போனேன்.

நிஜ விமானத்திலும் கதை இதுதான். மேகத்துக்குள் விமானம் மெல்லச் சாய்ந்தால் உட்காதால் அதை உணர முடியாது. சாய்ந்த விமானம் திரும்பத் தொடங்கும், மூக்கு இறங்கும், வேகம் ஏறும், சுருள் இறுகிக்கொண்டே போகும். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் நியூயார்க்கின் மிட்செல் ஃபீல்டில், மூடிய இருக்கைக்குள் உட்கார்ந்து, வெளியே எதையும் பார்க்காமல் ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அவர் முன்னால் இருந்தவற்றில் விமானத்தின் சாய்வைக் காட்டும் ஸ்பெர்ரியின் செயற்கைத் தொடுவானமும் கால்ஸ்மேனின் நுண்ணிய உயரமானியும் முக்கியமானவை. விளையாட்டில் நமக்கு உட்காதின் உணர்வு அரைகுறையாகக்கூடக் கிடையாது. நாற்காலி சாய்வதில்லை, உடல் இருக்கையில் அழுந்துவதில்லை. அந்த வகையில் ஸ்டார்ம்வொர்க்ஸில் இரவில் பறப்பவர் டூலிட்டிலைவிடக் கஷ்டமான இடத்தில் இருக்கிறார் என்றே சொல்வேன்.

கையிலிருந்த சாமான்கள்

2018இல் எர்லி ஆக்சஸாக வந்து 2020இல் முழுமையாக வெளியான இந்த விளையாட்டில், கருவித் திரை என்று ஆயத்தமாக எதுவும் தலையில் வந்து விழாது. சென்சர்கள், மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினி, மானிட்டர் என்று தனித்தனிக் கட்டைகளை வைத்து ஒயரிங் செய்ய வேண்டும். மைக்ரோகன்ட்ரோலருக்குள் லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம். காம்போசிட் என்ற ஒரே ஒயரில் 32 எண்களும் 32 ஆன்-ஆஃப் சிக்னல்களும் போகும். மானிட்டரின் ஒரு கட்டத்துக்கு 32 பிக்சல் கணக்கு. நண்பர் வைத்திருந்தது 3×3 மானிட்டர், அதாவது 96×96 பிக்சல்.

சென்சர்கள்: மூக்குப் பக்கம் அம்பு பார்க்க ஒரு சாய்வுமானி, வல இறக்கைப் பக்கம் அம்பு பார்க்க இன்னொரு சாய்வுமானி, திசைகாட்டி, உயரமானி, வேகமானி. சாய்வுமானி தன் விடையைப் பாகையில் தராது, சுற்றுகளில் தரும். முழுச் சுற்று 1 என்றால் நேர் மேலே பார்க்கும் அம்பு 0.25, நேர் கீழே பார்த்தால் -0.25. இதற்கு மேல் அந்த எண் போகவே போகாது. வழக்கின் பாதி இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

சாய்வுமானி எதை அளக்கிறது

நண்பரின் ஸ்கிரிப்ட் முதல் சாய்வுமானியை பிட்ச் என்றும் இரண்டாவதை ரோல் என்றும் எடுத்துக்கொண்டது. பெரும்பாலான புதியவர்கள் செய்வது இதைத்தான், பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் சாய்வுமானிக்கு விமானம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பலகைமேல் வைத்த ரசமட்டம் அந்தப் பலகையின் சரிவை மட்டும் சொல்வதுபோல, தன் அம்பு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

மூக்கைப் பொறுத்தவரை இதனால் பாதகம் இல்லை. பிட்ச் என்பதே மூக்கு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதுதான். ரோல் வேறு விஷயம். அது விமானத்தின் நீள அச்சைச் சுற்றி இறக்கை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கேள்வி. மூக்கு கிடைமட்டமாக இருக்கும்வரை இரண்டு கேள்விக்கும் ஒரே விடை. மூக்கு ஏறினாலோ இறங்கினாலோ விடைகள் பிரிந்துவிடும். வல இறக்கை அம்பின் சாய்வுக்கு சைன் எடுத்தால் கிடைப்பது ரோலின் சைனை பிட்சின் கொசைனால் பெருக்கிய எண்.

மென்மையான பறப்பில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. ரோல் 30 பாகை, பிட்ச் 10 பாகை என்றால் சாய்வுமானி 29.5 சொல்லும். அரைப் பாகைப் பிழையை யார் கவனிப்பார்கள்? அதனால்தான் பகலில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. இப்போது ரோலை 60 பாகையில் நிறுத்திவைத்து மூக்கை மட்டும் இறக்கிப் பாருங்கள். மூக்கு நேராக இருக்கும்போது திரை 60 என்கிறது. மூக்கு 30 பாகை கீழே போனதும் 49 என்கிறது. 45 பாகை கீழே போனால் 38. 60 பாகை கீழே போனால் 26.

நண்பர் சொன்ன வரி இங்கே அப்படியே பொருந்துகிறது. சுருள் இறுகி, மூக்கு கீழே போகப் போக, திரையில் சாய்வு "குறைகிறது". விமானம் நிமிரவே இல்லை. சாய்வுமானியின் கேள்விக்கு விடை மட்டும் சிறிதாகிக்கொண்டே வருகிறது. ஓட்டுபவர் சரியாகிவிட்டது என்று ஸ்டிக்கைத் தளர்த்துகிறார். எஞ்சினைப் பெரிதாக்கியபோது ஏன் சீக்கிரம் விழுந்தது என்பதும் இதிலேயே விளங்கும். சுருளுக்குள் போன விமானத்துக்கு உந்துவிசை கூடினால் கடல்தான் சீக்கிரம் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 60 பாகை சாய்வில் உயரம் இழக்காமல் திரும்ப வேண்டுமானால் இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கு தூக்க வேண்டும். 38 பாகைக்கு ஏறத்தாழ 1.27 மடங்கு போதும். 38 என்று நம்பி அதற்கேற்ப ஸ்டிக்கை இழுப்பவரின் விமானம் உண்மையில் 60இல் இருந்தால், மேல்நோக்கிக் கிடைக்கும் தூக்குவிசை எடையில் 0.63 பங்குதான். மீதிக்கு அது விழுந்துதான் ஆக வேண்டும்.

90 பாகையைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். 120 பாகை சாய்ந்த விமானத்துக்கு, மூக்கு நேராக இருந்தால், சாய்வுமானி 60 என்று சொல்லும். முழுக்கத் தலைகீழாகப் பறக்கும் விமானத்துக்குச் சுழியம், அதாவது நேராகப் பறப்பதாக. திரை அப்போது வானத்தை மேலேயும் கடலை கீழேயும் காட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும்.

கணக்குத் தெரிந்தவர்கள், ரோலுக்கு வந்த எண்ணின் சைனை பிட்சின் கொசைனால் வகுத்துச் சரிசெய்துவிடலாமே என்பார்கள். 90 பாகைக்குள் அது சரி வரும். தலைகீழா நேரா என்பதை அந்த வகுத்தலால் சொல்ல முடியாது. அதற்கு மூன்றாவதாக ஒரு சாய்வுமானி வேண்டும், விமானத்தின் கூரையை நோக்கி அம்பு வைத்து. மூன்று அம்புகளின் சைன்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் எப்போதும் 1 வரும். ஆகவே இரண்டு தெரிந்தால் மூன்றாவதன் அளவு தெரிந்துவிடும், அதன் குறி மட்டும் தெரியாது. கூட்டல் குறியா கழித்தல் குறியா என்ற அந்த ஒற்றைத் தகவலுக்காகத்தான் கூடுதலாக ஒரு சென்சர். அற்ப விஷயம்போலத் தோன்றும். வானம் எந்தப் பக்கம் என்பதே அந்தக் குறியில்தான் இருக்கிறது.

இங்கே பிசிக்ஸ் சென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. இடம், சுழற்சி, வேகம் எல்லாவற்றையும் ஒரே காம்போசிட்டில் கொட்டும் அந்தக் கட்டையை வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் உள்ளூர்ச் சாய்வு என்று வருபவை இரண்டுதான், அவையும் இதே குணம் கொண்டவை. அதன் சுழற்சிக் கோணங்களிலிருந்து முழு நிலையையும் கணக்கிட்டு எடுக்கலாம். தொடுவானத்துக்கு மட்டும் என்றால் மூன்று சாய்வுமானி எளிய வழி.

படத்தில் இருந்த இரண்டாவது பிழை

மூன்றாவது சாய்வுமானியை வைத்து ரோலைச் சரிசெய்த பிறகும் திரை முழுதாகத் திருந்தவில்லை. நண்பர் கோட்டை வரைந்த விதம் இது: பிட்ச் எவ்வளவோ அவ்வளவு பிக்சல் கோட்டின் நடுப்புள்ளியைத் திரையில் மேலோ கீழோ நகர்த்து, பிறகு அந்தப் புள்ளியிலேயே வைத்துக் கோட்டைச் சாய்.

நகர்த்துவதும் சாய்ப்பதும் இரண்டும் சரியான வேலைகள்தான். வரிசைதான் கோளாறு. பிட்ச் என்பது திரையின் நடுவுக்கும் தொடுவானத்துக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம். கோடு சாய்ந்திருக்கும்போது அந்தத் தூரத்தையும் சாய்ந்த திசையில் அளக்க வேண்டும். திரையின் மேல்கீழ் திசையில் நகர்த்திவிட்டுப் பிறகு கோட்டைச் சாய்த்தால், நடுவிலிருந்து கோட்டுக்கு உள்ள உண்மையான தூரம் ரோலின் கொசைன் மடங்காகச் சுருங்கிவிடும். 60 பாகைச் சாய்வில் அது பாதி. மூக்கு 20 பாகை கீழே போகிறது, படம் 10 என்கிறது.

பழைய திரையில் இரண்டு பிழையும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. உண்மையான ரோல் 60, மூக்கு 30 பாகை கீழே என்ற நிலையை எடுத்துக்கொண்டால், திரை ரோலை 49 என்றும், அந்த 49இன் கொசைனால் சுருங்கிய மூக்கிறக்கத்தை 20 என்றும் காட்டியிருக்கும். இரண்டும் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் திசையிலேயே சாய்ந்தன. ஒன்று கூட்டி மற்றொன்று குறைத்திருந்தால்கூட ஓட்டுபவருக்கு உறுத்தியிருக்கும்.

கோணங்களைத் தூக்கிப் போட்டால்

இந்த இரண்டு பிழையையும் தனித்தனியே ஒட்டுப்போடலாம். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. பிட்ச், ரோல் என்று கோணங்களில் யோசிப்பதுதான் இரண்டுக்கும் வேர். விமானத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும்போது உலகத்தின் "மேலே" எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒன்றே தொடுவானத்துக்குத் தேவை. அதைத்தான் மூன்று சாய்வுமானிகளும் சேர்ந்து ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மூன்று அம்புகளின் சைன்களை வலம், மேல், முன் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுகளில் வரும் எண்ணை 2π ஆல் பெருக்கிப் பிறகு சைன் எடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. திரையின் நடுவிலிருந்து வலப்பக்கம் எத்தனை பிக்சல், மேற்பக்கம் எத்தனை பிக்சல் என்று ஒரு புள்ளியைக் குறிக்கிறோம். அந்தப் புள்ளி வானமா கடலா? வலத் தூரத்தை வலத்தால் பெருக்கு, மேல் தூரத்தை மேலால் பெருக்கு, குவியத் தூரம் என்ற ஒரு மாறிலியை முன்னால் பெருக்கு, மூன்றையும் கூட்டு. விடை சுழியத்துக்கு மேல் என்றால் வானம், கீழ் என்றால் கடல், சுழியம் என்றால் தொடுவானக் கோடே அதுதான். கோணத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும் ஏடேன் (atan) எதுவும் இல்லை, 90 பாகையில் தனி விதி இல்லை, தலைகீழுக்கு விலக்கு இல்லை. சென்சர் தரும் மூன்று எண்களும் அப்படியே கோட்டின் சமன்பாட்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைப் பார்த்த பிறகு கோணங்களுக்குத் திரும்ப மனம் வராது.

குவியத் தூரம் எவ்வளவு என்பது திரையில் எத்தனை பாகை தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்தது. நம் திரையில் தொடுவானத்துக்குக் கிடைத்த உயரம் 84 பிக்சல். நடுவிலிருந்து மேலும் கீழும் 21 பாகை தெரிய வேண்டும் என்று முடிவு செய்தால், 42ஐ 21 பாகையின் டேஞ்சென்ட்டால் வகுக்க, சுமார் 110 வரும். நடுவில் ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட 2 பிக்சல். இதே படத்தை கண்ணுக்கு நேராக வைக்கும் ஹெட்-அப் திரையில் போட்டு உண்மையான கடல்கோட்டின் மேல் பொருந்த வைக்க வேண்டுமானால், குவியத் தூரத்தைக் கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். இருக்கையை ஒரு கட்டை பின்னால் தள்ளினால் கணக்கு மாறும்.

வரைவதற்கு ஒவ்வொரு பிக்சலையும் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதலில் திரை முழுவதும் வானநிறம். பிறகு கோட்டில் நடுவுக்கு மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரு பக்கமும் திரைக்கு வெளியே போகும்வரை நீட்டி, கடல் பக்கமாக இரண்டு பெரிய முக்கோணங்களை நிரப்பினால் போதும். லுவாவில் திரையின் மேல்கீழ் அச்சு கீழ்நோக்கி வளரும், அந்தக் குறியை ஒரே இடத்தில் மாற்றிவிடுவது நல்லது. ஐந்து இடத்தில் மாற்றினால் ஆறாவது இடத்தில் மறக்கும்.

நண்பருக்கு ஓர் ஆசை இருந்தது: தொடுவானத்தை அசையாமல் வைத்துவிட்டு விமானச் சின்னத்தைச் சாய்க்கலாமே, பார்க்க இயல்பாக இருக்கிறதே என்று. சோவியத் விமானங்களில் அப்படித்தான் இருந்தது, அதற்கென்று நியாயமும் உண்டு. வேண்டாம் என்றேன். இரண்டு முறையும் நல்லவையே, ஆனால் ஒருவர் கையில் இரண்டும் கலக்கக் கூடாது. 2008 செப்டம்பர் 14 அன்று பெர்ம் நகரருகே விழுந்து 88 பேர் இறந்த ஏரோஃப்ளோட்-நார்ட் போயிங் 737 விபத்தில், தொடுவானம் நகரும் மேற்கத்திய முறையில் குழுவுக்குப் போதிய பழக்கம் இல்லாததும் பேசப்பட்டது. அவருடைய மற்ற எல்லா விமானங்களிலும் நகரும் தொடுவானம்தான் இருக்கிறது, இதிலும் அதுவே இருக்கட்டும்.

இரண்டாவது திரை வைத்ததும் துள்ளிய எண்கள்

துணை விமானி இருக்கைக்கு அதே வீடியோ ஒயரில் இன்னொரு மானிட்டர் இணைத்ததும் வேகமும் உயரமும் காட்டும் எண்கள் முன்பைவிடப் பதற்றமாகத் துள்ளின. மானிட்டரைக் கழற்றினால் பழையபடி அடங்கின. மின்சாரம் போதவில்லையோ என்று அவர் பேட்டரியைச் சந்தேகித்திருந்தார்.

விளையாட்டின் லுவாவில் இரண்டு முக்கியச் செயல்கள் உண்டு. ஆன்டிக் (onTick) என்பது ஒரு டிக்குக்கு, அதாவது விளையாட்டின் ஒரு கணக்குச் சுற்றுக்கு, ஒருமுறை ஓடும்; நொடிக்கு ஏறத்தாழ 60 டிக். ஆன்டிரா (onDraw) என்பது மானிட்டர் படம் கேட்கும்போதெல்லாம் ஓடும். இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டு முறை. எண்களை மென்மையாக்கும் வடிகட்டி ஆன்டிராவுக்குள் இருந்தது. பழைய மதிப்பில் ஒன்பது பங்கு, புதியதில் ஒரு பங்கு என்று கலக்கும் சாதாரண வடிகட்டிதான். இரண்டாவது மானிட்டர் வந்ததும் அதே டிக்கில் அது இருமுறை கலந்தது, மென்மை பாதியாகக் குறைந்தது. கணக்கெல்லாம் ஆன்டிக்கில், வரைவது மட்டும் ஆன்டிராவில் என்று பிரித்ததும் அடங்கிவிட்டது. திரையின் அகல உயரத்தை மட்டும் ஆன்டிராவுக்குள் கேட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு மானிட்டரும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை.

திசைகாட்டியிலும் இதே வடிகட்டியால் ஒரு வேடிக்கை. வடக்கைக் கடக்கும்போதெல்லாம் திரையிலிருந்த திசை நாடா தெற்கு வழியாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வரும். 350 பாகைக்கும் 10 பாகைக்கும் சராசரி எடுத்தால் 180 வருகிறது, கணக்குப்படி சரி, திசைப்படி நேர் எதிர். விளையாட்டின் திசைகாட்டி வடக்கைச் சுழியமாக வைத்து -0.5 முதல் 0.5 வரை போகிறது, கிழக்கு கழித்தல் பக்கம். 1இலிருந்து கழித்து, 1ஆல் வகுத்த மீதியை எடுத்து, 360ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான 0 முதல் 360 வரும். மென்மையாக்கும்போது திசையை நேரடியாகக் கலக்காமல், புதியதற்கும் பழையதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் -180க்கும் 180க்கும் இடையே கொண்டுவந்துவிட்டு, அந்த வேறுபாட்டில் ஒரு பங்கைப் பழையதோடு சேர்க்க வேண்டும்.

செங்குத்து வேகத்துக்கு அவர் உயரமானியின் இந்த டிக் மதிப்பிலிருந்து முந்தைய டிக் மதிப்பைக் கழித்து 60ஆல் பெருக்கியிருந்தார். சின்ன அதிர்வையும் அறுபது மடங்காக்கும் வழி அது. பிசிக்ஸ் சென்சர் தரும் வேகத்திலிருந்து செங்குத்துப் பங்கை எடுத்ததும் வடிகட்டியே தேவைப்படவில்லை.

திரையில் எது எங்கே

நிஜ விமானங்களில் பல பத்தாண்டுகளாக நிலைத்துவிட்ட ஏற்பாடு ஒன்று உண்டு: நடுவில் தொடுவானம், இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம், கீழே திசை. விளையாட்டு என்பதற்காக இதை மாற்றி அழகு பார்க்க வேண்டாம். 96 பிக்சலில் இடம் இறுக்கம்தான். விளையாட்டின் எழுத்து ஒன்றுக்கு இடைவெளியோடு 5 பிக்சல் பிடிக்கும். வேகத்துக்கு மூன்று இலக்கம் 15, உயரத்துக்கு நான்கு இலக்கம் 20, மீதி 61 பிக்சல் அகலம் தொடுவானத்துக்கு. கீழே 12 பிக்சல் திசை நாடாவுக்கு.

படத்தை ஓர் எல்லைக்குள் வெட்டும் வசதி இல்லாததால் வரையும் வரிசை முக்கியம். முதலில் வானமும் கடலும், அதன் மேல் பிட்ச் கோடுகள், அதற்கு மேல் கறுப்புப் பட்டைகள், கடைசியில் எண்களும் விமானச் சின்னமும். பட்டைகள் பக்கவாட்டில் வழிந்த முக்கோணங்களை மூடிவிடும்.

உயரத்தைக் காட்டும் எண்ணின் கடைசி இலக்கம் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது, படிக்கவே முடியவில்லை. பத்தின் மடங்குக்கு முழுமையாக்கினோம். மீட்டரில் காட்டுவதா அடியில் காட்டுவதா என்பது அவரவர் விருப்பம்; 3.28084ஆல் பெருக்கினால் அடி, மீட்டர்/நொடியை 1.94384ஆல் பெருக்கினால் நாட். முள் வைத்த வட்டமாக உயரத்தைக் காட்டலாமா என்று கேட்டார். பத்தாயிரம், ஆயிரம், நூறு என்று மூன்று முள் கொண்ட பழைய உயரமானியை விமானிகள் பத்தாயிரம் அடி தவறாகப் படித்து, பிரிட்டனில் 1958 என்ற ஒரே ஆண்டில் ஏப்ரலில் ஒரு வைக்கவுண்ட் விமானமும் டிசம்பரில் ஒரு பிரிட்டானியா விமானமும் தரையில் மோதின. எண்ணே போதும் என்று முடிவானது.

நிறங்கள் மானிட்டரில் எழுதியதைவிட வெளுத்துத் தெரியும். வான நீலத்தை நினைத்ததைவிடப் பாதிக்கும் கீழே அடர்த்தியாக எழுதினால்தான் இரவில் கண் கூசாமல் இருக்கிறது.

தாமதத்தையும் பார்த்தோம். மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஒவ்வொரு கணக்குப் பெட்டியும் ஒரு டிக் சாப்பிடும். ஆறு பெட்டி வரிசையாக இருந்தால் பத்தில் ஒரு நொடி போச்சு. நொடிக்கு 90 பாகை உருளும் விமானத்தில் அது 9 பாகைப் பின்னடைவு. பெட்டிகளைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டுக்குள் கொண்டுவந்தோம்.

பறக்காமலே சோதித்தது

பறந்து சோதிப்பது வீண். பறக்கும்போது உண்மையான சாய்வு எவ்வளவு என்று சொல்ல வேறு கருவி இல்லை. சோதிக்கப்படும் திரையையே சாட்சியாக அழைப்பதாகிவிடும். அதற்குப் பதில் மைக்ரோகன்ட்ரோலரில் சென்சர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, கையால் எண்ணை மாற்றும் ப்ராப்பர்ட்டி ஸ்லைடர்களால் நமக்கு விடை தெரிந்த எண்களைக் கொடுத்தோம்.

சோதனைக்கு நான் தேர்ந்த ஜோடி: ரோல் 60 பிட்ச் 45 ஒன்று, ரோல் 45 பிட்ச் 30 மற்றொன்று. இரண்டிலும் வல இறக்கை அம்பின் சாய்வு ஒரே எண்தான், 37.8 பாகை. பழைய ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் ஒரே ரோலைக் காட்டியது. புதியது முதலாவதுக்கு 60, இரண்டாவதுக்கு 45 என்று பிரித்துக் காட்டியது. ரோல் 120ஐயும் 180ஐயும் கொடுத்தபோது வானம் கீழே வந்தது. பிறகு விமானத்தையே பிவட் என்ற சுழலும் கட்டையில் பொருத்தித் தரையில் நிறுத்திச் சாய்த்து, ஒயர்களின் குறி மாறிப் போகவில்லையா என்று பார்த்தோம். வல இறக்கை அம்பு இடப்பக்கம் பார்த்திருந்தால் ஸ்லைடர் சோதனை அதைக் கண்டுபிடிக்காது.

இலவசமாகக் கிடைத்த காவல்

மூன்று சைன்களின் வர்க்கக் கூட்டல் 1 என்று முன்னே சொன்னேன். அதை ஒவ்வொரு டிக்கிலும் சோதித்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. மோதலில் ஒரு சென்சர் உடைந்தாலோ ஒயர் போனாலோ அதன் எண் சுழியமாகி, கூட்டல் 1ஐ விட்டு விலகும். 0.98க்குக் கீழே போனால் தொடுவானத்தை அழித்துவிட்டுத் திரை முழுக்க சிவப்பு எக்ஸ் போடச் சொன்னேன். தவறான படத்தைவிட வெற்றுத் திரை மேல்.

மிகைப்பயம் என்று தோன்றினால் 1978 ஜனவரி 1ஐ நினைத்துக்கொள்ளலாம். ஏர் இந்தியாவின் போயிங் 747 "எம்பரர் அசோகா" இரவில் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய இரண்டு நிமிடத்துக்குள் அரபிக்கடலில் விழுந்தது, 213 பேரும் இறந்தார்கள். தலைமை விமானியின் தொடுவானக் கருவி வலப்பக்கம் சாய்ந்ததாகவே காட்டி நின்றுவிட, அவர் விமானத்தை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். வெளியே இருட்டில் கடல். கருவி கெட்டதும், மற்றக் கருவிகளைக் கொண்டு குழு நிலைமையை மீட்கத் தவறியதும் காரணமாகச் சொல்லப்பட்டன. கெட்டுப்போன கருவி தான் கெட்டுவிட்டதாகச் சொல்லாமல் இருந்ததுதான் என் கண்ணுக்குப் படுவது.

இந்தக் காவலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. நேராகப் பறக்கும்போது வல இறக்கை அம்பின் சைன் இயல்பாகவே சுழியம். அந்தச் சென்சர் அப்போது செத்தால் கூட்டல் 1ஆகவே இருக்கும். விமானம் 8 பாகைக்கு மேல் சாய்ந்த பிறகுதான் எக்ஸ் வரும். இரண்டாவது தொகுதிச் சாய்வுமானிகளை வாலருகே வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் இதுவும் அடைபடும், அதை நண்பர் இன்னும் செய்யவில்லை.

எஞ்சிய ஒரு கருத்து வேறுபாடு

விமானம் இப்போது இரவில் வட்டமடிக்கிறது, விழுவதில்லை. இறக்கையும் எடையும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. தீராதது மூக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்க்கும் நிலை. அங்கே வலமும் மேலும் சுழியத்தை நெருங்குகின்றன, தொடுவானம் எந்தத் திசையில் என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது, கோடு திரைக்கு வெளியே தாறுமாறாகச் சுழல்கிறது. பிட்ச் 85 பாகையைத் தாண்டியதும் கடைசிப் படத்தை அப்படியே உறைய வைத்துவிடலாம் என்பது அவர் தீர்வு, இப்போதைக்கு அதுதான் விமானத்தில் இருக்கிறது. உறைந்த படத்தை ஓட்டுபவர் உயிருள்ள படம் என்று நம்புவார் என்பது என் வாதம். 30 பாகைக்கு மேல் போனதுமே தொடுவானம் இருக்கும் பக்கத்தைக் காட்டும் சிவப்பு அம்புக்குறிகளைப் போட்டுவிட்டு, 85க்கு மேல் அவற்றையும் அணைத்து எண்ணை மட்டும் விடலாம் என்கிறேன். மீட்பு விமானம் எதற்கு 85 பாகைக்குப் போகப் போகிறது என்று அவர் கேட்கிறார்.